கொக்கில் ஓர் ஒலிவ இலை

எதிர்வீட்டில் மாடிச் சுவருக்குப் பூச்சு வேலை நடக்கிறது. காலையில் ஜன்னலைத் திறந்ததும், கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டிப் பாகும் சுண்ணாம்போடு புளித்த வாசனை உள்ளே வந்து நாற்காலி கேட்காமல் உட்கார்ந்துகொண்டது. பாதி இனிப்பு, பாதி எரிச்சல். என் மூக்கைப் பொறுத்தவரை அந்த வாசனைக்கு ஒரு முகம் உண்டு. மீசையில் சுண்ணாம்பு, காது மடலில் பீடி, வாயில் எந்நேரமும் யாரையாவது பற்றி ஒரு குறை. கொக்கு மேஸ்திரி.

தப்பாக வேலை செய்து பெயர் கெட்டவர்கள் உலகத்தில் ஏராளம். தப்பான பறவையைச் செய்துவிட்டு, ஒரு வக்கீலையும் ஒரு சபையையும் கடைசியில் ஓர் ஆற்றையும் அதற்குச் சம்மதிக்க வைத்தவர், எனக்குத் தெரிந்து, அவர் ஒருவர்தான்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. கோபுரத்துச் சுதை வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து ஒரு கூட்டத்தோடு மலையாளச் சீமைக்கு வந்தவர். வேலை முடிந்து கூட்டம் ஊர் திரும்பிற்று, இவர் திரும்பவில்லை. "இந்த ஊர் மழையில சுதை எப்படி நிக்குதுன்னு பாத்துட்டுத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டாராம். கரமனையில் நான் குடியிருந்த வீட்டின் பின்புறச் சாய்ப்பு அறையை வாடகைக்கு எடுத்தார். நான் அப்போது சர்க்கார் ஆபீஸில் புதுக் கிளார்க். அதனால் அவருக்கு நான் 'கிளார்க்குத் தம்பி'. அன்றிலிருந்து என் காலை அவருடைய இருமலோடும் சுண்ணாம்பு அரைக்கும் சத்தத்தோடும்தான் விடிந்தது.

மலையாளம் அவருக்கு வராது. ஆனால் வராது என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

"மலையாளம் தனிப் பாஷையா வே? தமிழுக்கு ஜலதோசம் பிடிச்சா மலையாளம். ஆவி பிடிச்சா சரியாயிரும்."

"அப்போ எல்லாம் புரியுதா மேஸ்திரி?"

"புரியாம? முத நாளே புரிஞ்சிட்டு. சாயாக்கடையில ஒருத்தன் வந்து 'வெள்ளம் வேணோ'ங்கான். நான் எலைய விட்டுட்டு எந்திரிச்சு பெஞ்சு மேல ஏறிட்டேன். ஆறு ஒடைச்சா வெள்ளத்த ஆளாளுக்குக் கேட்டுக் கேட்டா விடுவாங்கன்னு நினைச்சேன். பெறவு பாத்தா செம்புல குடிதண்ணி! குடிதண்ணிய வெள்ளம்ங்கான். நெசமாவே வெள்ளம் வந்தா இவன் அத என்னன்னு சொல்லுவான், சொல்லும்?"

சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரி, தன் மாளிகை முகப்புக்கு இரண்டு பூதங்கள் செய்யச் சொல்லியிருந்தார். வேலை நடக்கும்போதெல்லாம் கீழே நின்று "கை ஓடட்டும், கை ஓடட்டும்" என்று விரட்டிக்கொண்டே இருந்தார். மேஸ்திரி சாரத்தின் மேலிருந்து அவர் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். சாரம் பிரித்தபோது இரண்டு பூதத்துக்கும் வியாபாரியின் முகம். இடது பூதத்துக்கு அவருடைய மருவும் இருந்தது. கடைத்தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. வியாபாரியின் சம்சாரம் வெளியே வந்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். "எவ்வளவு சாந்தமா இருக்காரு" என்றாள். பூதங்கள் பிழைத்துக்கொண்டன.

மழையில் குடையைத் தன் தலைக்குப் பிடித்து நான் அவரைப் பார்த்ததே இல்லை. குடை, காயாத சுதைக்கு. முகப்புச் சிங்கம் ஒன்று கறுப்புக் குடையின் கீழ் மகாராஜாவைப் போல நிற்க, இவர் பக்கத்தில் நனைந்த கோழியாக நின்றதை ஊரே பார்த்திருக்கிறது. "எனக்குக் காய்ச்சல் வந்தா கஷாயம் இருக்கு. அதுக்கு வந்தா?" என்பார்.

இந்த மனிதரிடம்தான் கம்பவுண்டர் வந்தார்.

கம்பவுண்டர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர். நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவர். வீட்டில் வேதம் வாசிப்பது தமிழ், சந்தையில் விலை கேட்பது மலையாளம், பேசுவது இரண்டையும் ஒரே குப்பியில் குலுக்கியது. அவருக்கு ஒரே மகள், எஸ்தர். கரமனை ஆற்றுக்கு அக்கரைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். முந்தைய வருஷத்து மழைக்காலத்தில், பாலத்துக்கு வெகு கீழே இருக்கும் கடவில், படகுத் துறையில், நிறைய ஜனங்களோடு போன வள்ளம் கவிழ்ந்துவிட்டது. சிலரை ஆறு திருப்பிக் கொடுத்தது. சிலரைக் கொடுக்கவில்லை. எஸ்தரைக் கொடுக்கவில்லை.

அவர் மனைவிக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அங்கே பூ வைப்பார். வைத்துவிட்டு, கையில் பாக்கிப் பூவோடு திரும்பி வருவார். மகளுக்கென்று போய் நிற்க இந்தப் பூமியில் ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

திவானுக்குச் சிலை வைத்து, அந்த முக்குக்கே ஸ்டாச்சு என்று பெயரும் வைத்த ஊர் இது. வள்ளத்தில் போன கீரைக்காரிக்கும் டீச்சருக்கும் யார் வைப்பார்கள்? கம்பவுண்டர் வீடு வீடாகப் போனார். ஒரு கமிட்டி உண்டாயிற்று. தலைவர் ஒரு நாயர் வக்கீல். செத்தவர்களில் எல்லா ஜாதியும் எல்லா மதமும் இருந்ததால், கடவில் என்ன வைப்பது என்று சண்டை வந்தது. சிலுவை என்றால் ஒரு பக்கம் முகம் சுளித்தது. விளக்கு என்றால் இன்னொரு பக்கம். கம்பவுண்டர்தான் ஒரு பறவை என்றார். பறவைக்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. எந்தக் கோயிலிலும் அதற்கு வரவேற்பும் இல்லை, தடையும் இல்லை.

மேஸ்திரிக்கு அவர் கொடுத்த உத்தரவைப் பிற்பாடு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். இருவரும் ஒத்துக்கொண்ட வாசகம் இது:

"பண்டு லோகமெல்லாம் வெள்ளத்தில முங்கினப்போ, நோவா கப்பல்லேருந்து ஒரு பட்சிய விட்டாரு, கேட்டீரா மேஸ்திரி? வெளுத்த பட்சி. அது திரும்பி வந்தது. கொக்கில ஒரு ஒலிவ இலை. அது மதி. வேற அலங்காரம் ஒண்ணும் வேண்டாம்."

"ஒலிவ இலைன்னா எப்படி இருக்கும்?"

"நான் கண்டதில்ல. நீளத்தில, ஒடுக்கமா இருக்கும்னு சொல்லுவாங்க."

"அரளி மாதிரி."

"அப்படித்தான் இருக்கும்."

அவர் புறா என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அந்தப் பறவை புறா என்பது அவருக்குப் பால் குடிக்கிற நாளிலிருந்து தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. உலகத்துக் குழப்பங்களில் பாதி அந்த மௌனத்தில்தான் குஞ்சு பொரிக்கிறது. மலையாளம் பேசுகிறவனுக்கு, பறவையின் அலகும் கொக்கு. கம்பவுண்டர் அலகைச் சொன்னார். மேஸ்திரி கொக்கைக் கேட்டார். வெளுத்த பட்சி, வெள்ளம், கொக்கு. திருநெல்வேலியில் எந்த வயலில் கேட்டாலும் இதற்கு ஒரே விடைதான்.

அதற்குப் பிறகு மேஸ்திரி ஆளே மாறிவிட்டார். காலையில் வெள்ளாயணிக் காயல் பக்கம் போய்விடுவார். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேடிப் போனபோது வயல் வரப்பில் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்.

"என்ன மேஸ்திரி, வேண்டுதலா?"

"சத்தம் போடாதியும். பாரும், பறந்துட்டு!" என்று எரிந்து விழுந்தார். பிறகு காலை ஊன்றிக்கொண்டு, "ஒத்தைக் கால்ல நின்னா மீனுக்கு நிக்குன்னு அர்த்தம். செத்தவங்களுக்கு நிக்கிற பறவை அப்படி நிக்கலாமா? ரெண்டு காலையும் ஊனித்தான் நிக்கணும்" என்றார்.

நான் நோவாவை அறியாதவன். கிறிஸ்தவர்கள் வேதத்தில் ஒரு கொக்கு வருகிறது போலும் என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பினேன்.

கடவில் வேலை தொடங்கிற்று. கால்கள் இரண்டும் கருங்கல். பாறையில் துளையிட்டு இறக்கினார். உடம்பு செங்கல், மேலே சுதை. சுற்றிலும் ஓலைத் தட்டி. கண் திறக்கும்வரை பிரம்மாவே வந்தாலும் தட்டிக்கு உள்ளே அனுமதி இல்லை. கம்பவுண்டர் தினமும் சாயங்காலம் வந்து வெளியே நிற்பார். ஆபீஸ் விட்டு நானும் சில நாள் போவதுண்டு. தட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு குரல், அந்தப் பக்கம் ஒரு குரல்.

"மேஸ்திரி, கொக்கு சரியாயிட்டா?"

"கொக்கு பிரமாதமா வந்திருக்கு கம்பவுண்டரய்யா! எங் கண்ணே பட்டுரும்."

"சின்னதா இருந்தா மதி, கேட்டீரா."

"சின்னதா? ஆத்தங்கரையில ஆள் ஒசரத்துக்கு நின்னாத்தானய்யா கொக்கு!"

"அய்யோ, ஆள் உயரமா?" கம்பவுண்டர் திகைத்தார். அப்புறம், பறவை அத்தனை பெரிதென்றால் அலகும் பெரிதாகத்தானே இருக்கும் என்று தேறிக்கொண்டார் போலிருக்கிறது. "சரி, நீரு கலைக்காரன். இலை அதில பத்திரமா இருக்குதல்லே?"

"கெட்டியாப் பிடிச்சிருக்கு. விடாது."

"விடாது" என்று கம்பவுண்டர் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். மகள் போனதிலிருந்து அவர் சிரித்து அந்த நேரத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

வள்ளம் கவிழ்ந்த நாள் திரும்பி வந்தது. கடவில் இரு கரையிலும் கூட்டம். இறந்தவர்களின் வீட்டார் முன்னால் நின்றார்கள். கம்பவுண்டர் கறுப்புக் கோட்டு போட்டு, கையில் வெள்ளை அரளிப் பூ வைத்திருந்தார். வக்கீல் நாலு வார்த்தை பேசிவிட்டுத் தட்டியைக் கட்டிய கயிற்றை இழுத்தார்.

ஓலை விழுந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு கொக்கு. வெள்ளை வெளேரென்று, இரண்டு காலையும் ஊன்றி, கழுத்தை நிமிர்த்தி, நீண்ட அலகில் ஓர் இலையைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றது.

வக்கீல்தான் முதலில் வாய் திறந்தார்.

"எந்தா இது? கொக்கல்லே?"

"கொக்குதான்!" என்றார் மேஸ்திரி, மலர்ந்து.

கம்பவுண்டர் பூவோடு ஓரடி முன்னால் வந்தார். "மேஸ்திரி, நான் கொக்கில இலைன்னு சொன்னேன்..."

"அதத்தானய்யா செஞ்சிருக்கேன்! இந்தா கொக்கு. இந்தா அதுல இலை. என்ன கொறையுது?"

"கொக்குன்னா கொக்கில்ல மேஸ்திரி! கொக்கு!" என்று தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார் கம்பவுண்டர். "பிராவு! பிராவோட கொக்கு!"

"என்னய்யா சொல்லுதீரு? பிராவுங்கறது யாரு?"

"புறா" என்றேன் நான், பின்னாலிருந்து. மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன்.

வக்கீல் அங்கேயே இருவரையும் விசாரித்தார். தொழில் விடுமா? இவர் சொன்னது என்ன, அவர் கேட்டது என்ன, இடையில் சாட்சி உண்டா, எல்லாம் ஆயிற்று. முடிவில், "உத்தரவும் சரி, வேலையும் சரி. சட்டத்தில் குற்றம் ஒருத்தர் மேலும் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் கம்பவுண்டரின் சபையிலிருந்து வந்திருந்த உபதேசியார் விடவில்லை. விலக்கப்பட்ட அசுத்தப் பறவைகளை வேதம் பெயர் சொல்லி அடுக்குகிற இடத்தில் கொக்கும் இருக்கிறதாம். "உம்ம மகளுக்கு ஞாபகமா இதையா நிறுத்தப் போறீரு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கம்பவுண்டரின் கோட்டில் சேறு தெறித்த மாதிரி விழுந்ததை நான் பார்த்தேன்.

உடைப்பதா, விடுவதா? கம்பவுண்டரே தீர்மானிக்கட்டும் என்று கமிட்டி கைகழுவிவிட்டது. அவர் கொண்டுவந்த பூவை எங்கும் வைக்கவில்லை. எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் காலை மழை. மேஸ்திரி விடியுமுன்பே கிளம்பிவிட்டார் என்று அறிந்து, ஆபீஸுக்கு முன் நானும் கடவுக்குப் போனேன். கொக்கின் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி நனைந்துகொண்டிருந்தார். எதிரே, கையில் சம்மட்டியோடு கம்பவுண்டரும் நனைந்துகொண்டிருந்தார். அந்த மழையில் நனையாமல் நின்றது கொக்கு மட்டும்தான்.

"மாறும் மேஸ்திரி, தள்ளி நில்லும்."

"மாறுதேன். ஒடைக்கணும்னா ஒடையும். சுதை இன்னும் பச்சைப்புள்ளை, ஒரு தட்டுக்குத் தாங்காது. புறாவே செஞ்சு தாறேன். ஆனா ஒண்ணு சொல்லிட்டு ஒடையும். புறாவ எங்கய்யா நிறுத்த?"

"நிறுத்தவா?"

"இந்தக் கடவுல மழைக்காலத்துல தண்ணி எம்புட்டு ஏறும்? அது முங்கிராதா? புறாவுக்குக் கால்னு ஒண்ணு இருக்கா? கூரை மேல ஒக்காரத்தான் அது கால். வெள்ளத்துல அதுக்கு நிக்க வராது."

தன் தப்பை மறைக்க அவர் வக்கீலையே மிஞ்சுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் கம்பவுண்டர் சம்மட்டியைத் தூக்கவில்லை. மெல்லச் சொன்னார்:

"ஆமா. முதல்ல விட்டப்போ, அதுக்குக் கால் வைக்க இடமில்லன்னுதான் திரும்பி வந்தது."

"யாரு?"

"நோவாவோட பிராவு."

"பின்ன என்ன! ஒங்க வேதத்துலயே இருக்கே!" மேஸ்திரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இத பாரும். இந்தக் கால் ரெண்டும் கருங்கல்லு. பாறைக்குள்ள இறக்கியிருக்கேன். மேல ஒடம்பு போனாலும் போவும், கால் நவராது. எத்தனை வெள்ளம் வேணும்னாலும் வரட்டும், இது நிக்கும்."

கம்பவுண்டர் குனிந்தார். கொக்கின் காலை ஒரு கையால் பிடித்துப் பார்த்தார். அசைத்துப் பார்த்தார். மழை அவர் முதுகில் விழுந்துகொண்டே இருந்தது.

"வள்ளம் மறிஞ்சது அந்தா, அங்கதான்" என்றார், நிமிராமல். "கரைக்கும் அவளுக்கும், வள்ளம் தள்ளுற ஒரு கழுக்கோல் நீளந்தான். கடத்துக்காரன் கோலை நீட்டியிருக்கான். கிட்ட இருந்தவங்க தரையில கால் ஊனி எட்டிப் பிடிச்சாங்க. எஸ்தர் குள்ளம். அம்மையப் போல. அவளுக்குக் கால் எட்டல்ல, மேஸ்திரி."

மேஸ்திரி குடையைக் கொஞ்சம் நகர்த்தினார். பாதிக் குடை கொக்குக்கு, பாதி கம்பவுண்டருக்கு. சுதை வேலை செய்த நாள் முதல் அவர் அப்படிச் செய்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

கம்பவுண்டர் சம்மட்டியைப் படியில் வைத்தார். "நிக்கட்டும்" என்றார்.

உபதேசியார் வீட்டுக்கே வந்து கேட்டபோது கம்பவுண்டர் சொன்ன பதில் ஊரெல்லாம் பரவிற்று, சபையும் அதோடு அடங்கிற்று: "அது தின்னத்தான் விலக்கு, அய்யா. நான் அதைப் பொரிச்சுத் தின்னப் போறதில்ல."

அந்த வருஷமே ஆறு பொங்கிற்று. படிகள் மூழ்கின. கொக்கு, கல்லால் ஆன முழங்கால் வரைக்கும் தண்ணீரில் நின்றது. ஊரே வேடிக்கை பார்க்கப் போயிற்று. கம்பவுண்டரும் போனார், வேடிக்கை பார்க்கவில்லை. வள்ளத்தை அவிழ்க்கப் போன கடத்துக்காரனை மறித்து நின்றார்.

"கொக்கோட முட்டு முங்கியிருக்கு, காணல்லியா? இன்னைக்கு வள்ளம் இல்ல."

"வக்கீல் சாருக்கு அக்கரையில கேஸ் உண்டு, கம்பவுண்டர் சாரே!"

"கேஸ் நாளைக்கும் இருக்கும்."

கடத்துக்காரன் திட்டினான். வக்கீல் கரையில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார், கொக்கைப் பார்த்தார், குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதன் பிறகு அது கடவின் சட்டமாகிவிட்டது. கொக்கின் முட்டு நனைந்தால் வள்ளம் இல்லை. யாரும் எழுதி ஒட்டவில்லை. சிறுபிள்ளைகளும் அறிவார்கள். நோவாவின் பறவை தண்ணீர் வற்றிற்று என்று சேதி கொண்டுவந்தது. எங்கள் பறவை தண்ணீர் ஏறிற்று என்று சேதி சொல்லிக்கொண்டு நின்றது. இரண்டும் உயிருக்குத்தான். சேதியைப் படிக்க ஒரு மனிதர் வேண்டும்; அந்த வேலையைக் கம்பவுண்டர் எடுத்துக்கொண்டார். மேகம் கறுத்தால் கோட்டை மாட்டிக்கொண்டு கடவுக்குப் போய்விடுவார். ஜனங்கள் திட்டுவார்கள், கெஞ்சுவார்கள். மனிதர் அசைய மாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கையில் பாக்கிப் பூ இருப்பதில்லை.

மேஸ்திரிக்குக் கொக்கு மேஸ்திரி என்ற பெயர் நிலைத்தது. முதலில் கேலிக்காகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டார். இரண்டு மழைக்காலம் சுதை நிற்கிறதைப் பார்த்தாயிற்று. தென்காசிப் பக்கம் ஒரு கோபுர வேலைக்கு அழைப்பு வந்தது. நாகர்கோவில் மோட்டார் பஸ்ஸில் ஏற்றிவிட நான் போனேன். பூச்சுக் கரணைகளும் மட்டப்பலகையும் கட்டிய சாக்கு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். வானம் மூடிக்கொண்டு வந்தது. டிரைவர் வண்டியின் முகப்பில் கைப்பிடியைச் சுழற்றினான். வண்டி உறுமி நடுங்கிற்று.

"கொக்கை நான் பார்த்துக்கறேன் மேஸ்திரி, கவலைப்படாதீங்க" என்றேன். வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.

அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"கொக்குக்கு ஒண்ணும் ஆவாது வே. மழை பிடிச்சா கடவுக்கு ஒரு எட்டு போயி, கம்பவுண்டரப் பாத்துக்கிடும்."